செயின் சா புடிக்கும்போது கிளவுஸ் போடலாமா கூடாதா: சீமைக்கருவை வெட்டுன ஒன்றரை மாசக் கணக்கு

முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கு, தாத்தா காலத்துல முண்டு மொளகா போட்ட நெலம், பதினஞ்சு வருசமா யாரும் ஏர் கட்டாம சீமைக்கருவை ஏறி ஆள் உள்ள நுழைய முடியாத அளவுக்கு அடைச்சு கெடந்துச்சு. 2017ல ஹைகோர்ட் மதுரை கிளை கருவைய எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டப்ப ஊரோட சேந்து நாங்களும் மேலாப்புல வெட்டி விட்டோம், தூரை எடுக்கல, ரெண்டு மழைக்குள்ள பழையபடி தழைச்சுருச்சு, அதுவும் ஒரே கம்பா நின்ன மரம் அஞ்சாறு கம்பா புதரா வந்து நிக்குது. இந்த வருசம் தை அறுப்பு முடிஞ்ச கையோட நானே மிஷின் வாங்கி வெட்டிப்புடறதுன்னு எறங்குனேன். 58 சிசி, 22 இஞ்ச் பாரு (செயின் சுத்தி ஓடுற நீளமான இரும்புப் பட்டை), மார்க்கெட்ல கெடைக்கிற சாதாரண பெட்ரோல் செயின் சா தான்.

மரம் வெட்டுறது பத்தி எழுதப்போறதில்ல. இந்த ஒன்றரை மாசத்துல என்னைய ரொம்பக் கொழப்புன ஒரே விஷயம் கிளவுஸ், அத மட்டும் எழுதுறேன், ஏன்னா ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, எல்லாருமே அனுபவத்துல சொன்னாங்க, கடைசியில பாத்தா ஒவ்வொருத்தரும் சொன்னது ஒவ்வொரு இடத்துக்கு சரியா இருந்துச்சு.

மொத நாளு வெறுங்கைதான். மிஷின ஓட்டுனதுல ஒண்ணும் ஆகல, ஓட்டி முடிச்சுட்டு வெட்டுன கொப்ப இழுத்துப் போடும்போதுதான் இடது கை ஆள்காட்டி விரல் அடியில முள்ளு ஏறுச்சு. கருவை முள்ளு ரெண்டு இஞ்ச் வரைக்கும் இருக்கும், ஏறுனா நேரா ஏறி உள்ளயே நுனி ஒடிஞ்சு நிக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது, ராத்திரி வீங்க ஆரம்பிக்கும். காலையில வெரல மடக்க முடியல. டிடி ஊசி போட்டு முள்ளு நுனிய எடுத்து நாலு நாள் வேல கெட்டுச்சு. வெரல மடக்க முடியாதவன் செயின் சா புடிக்கக் கூடாது, அது தனி விஷயம், ஏன்னு கீழ வருது.

அந்த நாலு நாள்ல பரமக்குடியில லேத் பட்டறை வச்சிருக்கிற மாமா பாக்க வந்தாரு. கிளவுஸ் வாங்கப் போறேன்னு சொன்ன ஒடனே, "மாப்ள, ஓடுற மிஷின்கிட்ட கிளவுஸ் போட்டுட்டுப் போகாத. என் பட்டறையில எவனாவது கிளவுஸோட டிரில்லிங் மிஷின்கிட்ட நின்னா மொதல்ல கரண்ட நிறுத்திட்டுத்தான் அவன்கிட்ட பேசுவேன்"ன்னாரு. முப்பது வருசமா லேத்துல நிக்கிற மனுசன், பத்து வெரலும் முழுசா இருக்கு, அவரு சொன்னா சும்மா தள்ளிவிட முடியாது.

எங்களுக்கு மரம் வெட்டப் பழக்கிக் குடுத்த அண்ணன் ஒருத்தர் இருக்காரு, கரிமூட்டத்துக்கு வெறகு வெட்டியே வளந்தவரு, மொதல்ல கோடாலி, இப்ப மிஷின். அவரு கிளவுஸ் போடுறதே இல்ல, ஆனா கொப்ப கையால தொடவும் மாட்டாரு, கவைக்கம்ப வச்சுத்தான் தள்ளுவாரு, அதுக்குன்னு ஆறடியில ஒரு கம்பு எப்பவும் பக்கத்துல கெடக்கும். அவர்கிட்ட கேட்டேன். "தம்பி, ரேஸு வெரலுக்குத் தெரியணும், அது தெரியாட்டி மிஷின் ஒன் கையில இல்ல"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.

நான் என்ன பண்ணேன்னா கடையில இருந்த எல்லா வகையும் ஒவ்வொண்ணு வாங்கிட்டேன். வரிசையா சொல்றேன்.

வெள்ளை பனியன் துணி கிளவுஸ், சித்தாள், லோடுமேன் எல்லாம் போடுறது, வெல கம்மி, எல்லா ஹார்டுவேர் கடையிலயும் கட்டு கட்டா தொங்கும். இது முள்ளுக்கு ஒண்ணுக்கும் ஆகாது, துணி வழியா நேரா உள்ள வந்துரும். அத விட மோசம் என்னன்னா வெரல் நுனியில அரை இஞ்ச் துணி தொளதொளன்னு நிக்கும். ரெண்டாவது நாளு அந்த நுனி ரேஸ் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவுல போயி மாட்டிக்கிச்சு, நான் வெரல எடுத்துட்டேன், லீவர் திரும்பல, மிஷின் முழு ரேஸ்ல கத்துது, செயின் ஓடிக்கிட்டே இருக்கு. நல்லவேளை அப்ப வெட்டு முடிஞ்சு பாரு வெளிய காத்துல இருந்துச்சு, இடது கை மணிக்கட்டால முன்னாடி இருக்கிற செயின் பிரேக்க தள்ளிட்டு ஸ்விட்ச ஆஃப் பண்ணேன். ஒரு ரெண்டு செகண்டு இருக்கும். ஒடம்பு நடுங்கிப்போயி பத்து நிமிசம் வரப்புல ஒக்காந்துட்டேன். அண்ணன் சொன்ன ரேஸு வெரலுக்குத் தெரியணும்ங்கிறது அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. அந்த கிளவுஸ அன்னைக்கே வண்டி தொடைக்கப் போட்டுட்டேன்.

அடுத்தது உள்ளங்கையில ரப்பர் பூசுன நைலான் கிளவுஸ். கைக்கு நல்லா ஒட்டி நிக்கும், பிடி அருமை, பெட்ரோல் ஆயில் பட்டாலும் வழுக்காது, ரேஸ் லீவர் நல்லா தெரியும். கொறைன்னு பாத்தா பொறங்கைப் பக்கம் வெறும் நைலான் துணி, முள்ளு அங்கதான் கிழிக்கும். இன்னொண்ணு சைலன்சர். மிஷின அணைச்ச ஒடனே தூக்கி இடம் மாத்தும்போது சைலன்சர் பக்கம் கை பட்டுச்சு, நைலான் உருகி சுருங்கிருச்சு, தோல்ல ஒட்டல, ஆனா இன்னும் ஒரு செகண்டு வச்சிருந்தா ஒட்டியிருக்கும். வெறுங்கையில சூடு வாங்குனா கைய எடுத்துருவோம், உருகுன நைலான் கையோடவே வரும். சூடான எடத்துக்கிட்ட நைலான் வேணாம்னு அப்பவே முடிவு பண்ணேன்.

மூணாவது வெல்டிங் கிளவுஸ், முழங்கை பாதி வரைக்கும் வர்ற கெட்டித் தோலு. முள்ளு சுமக்குறதுக்கு இத மாதிரி ஒண்ணு கெடையாது. மிலாறு எல்லாத்தையும் கட்டிப்புடிச்சு தூக்கிட்டுப் போகலாம். ஆனா இத போட்டுக்கிட்டு மிஷின ஓட்டக்கூடாதுன்னு எனக்கு மிஷினே சொல்லிக் குடுத்துச்சு.

அது எப்படின்னா, கருவை புதர் மரம், ஒரு தூர்ல இருந்து அஞ்சாறு கம்பு நெருக்கமா கெளம்பும், ஒரு கம்ப அறுக்கும்போது பாரோட மூக்கு பின்னாடி நிக்கிற கம்புல போயி முட்டும். பாரு நுனியில மேல் கால்வாசி இருக்கு பாருங்க, அந்த எடம் எதுலயாவது முட்டுனா செயின் கடிச்சு நின்னு மொத்த பாரும் மேல எகிறி நம்ம மொகத்துப் பக்கம் திரும்பும், கிக்பேக்னு சொல்றது இதத்தான். யோசிச்சு கைய மாத்தவெல்லாம் நேரம் இருக்காது, அவ்ளோ வேகம். அப்ப காப்பாத்துறது ரெண்டே விஷயம். ஒண்ணு இடது கை கட்டைவிரல் முன் கைப்பிடிக்கு அடியில முழுசா சுத்தி பூட்டுன மாதிரி இருக்கணும், ரெண்டாவது செயின் பிரேக் வேல செய்யணும். நான் வெல்டிங் கிளவுஸோட ஓட்டுன அன்னைக்கு மூக்கு முட்டுச்சு, மிஷின் துள்ளுச்சு, என் மணிக்கட்டு முன்னாடி தகட்டுல மோதி பிரேக் விழுந்துச்சு, செயின் நின்னுருச்சு. ஒண்ணும் ஆகல. ஆனா கீழ பாத்தா என் கட்டைவிரல் கைப்பிடிய சுத்தியே இல்ல, தோல் தடிமன்ல வெரல் மடங்காம மேலயே படுத்திருந்துருக்கு. இன்னும் கொஞ்சம் பலமா எகிறியிருந்தா பிரேக்கத் தட்டுறதுக்கு முன்னாடியே கை கழண்டுருக்கும். வீங்குன வெரலோட மிஷின் புடிக்கக் கூடாதுன்னு மேல சொன்னதுக்கும் இதே காரணந்தான்.

இங்க மாமா சொன்னதுக்கு வர்றேன். அவரோட உக்காந்து ஒரு சாயங்காலம் முழுக்க இத பேசுனோம், மிஷினயே அவர் முன்னாடி வச்சு. லேத்துலயும் டிரில்லிங் மிஷின்லயும் என்ன நடக்குதுன்னா, சுத்துற பொருளுக்குக் கிட்ட நம்ம கை போகுது, வெறுங்கை உரசுனா தோல் கிழியும், வலியில கை தன்னால பின்னாடி வந்துரும். கிளவுஸ் உரசுனா நூல் சக்குல, அதாவது கவ்விப் புடிச்சு சுத்துற பாகத்துல, சுத்திக்கும், கிளவுஸ் மொதல்ல போகும், அதுக்குப் பின்னாடி வெரலு, அதுக்குப் பின்னாடி கையே போகும். அவரு சொல்றது நூத்துக்கு நூறு உண்மை, அந்த மிஷினுக்கு.

செயின் சாவுல ஓடும்போது ரெண்டு கையும் இருக்க வேண்டிய எடம் மொதல்லயே முடிவாயிருச்சு, வலது கை பின் கைப்பிடி, இடது கை முன் கைப்பிடி. ரெண்டு எடத்துல இருந்தும் செயினுக்கு கை எட்டாது. இடது கைக்கு முன்னாடி தகடு இருக்கு, அதுதான் பிரேக் லீவரும். வலது கைக்குக் கீழ பின் கைப்பிடி அடிப்பாகம் ஒரு பக்கமா அகலமா விரிஞ்சிருக்கும், ரொம்ப நாளா அது தரையில நிக்க வைக்கிறதுக்குன்னு நெனச்சிருந்தேன். ஸ்டார்ட் பண்ணும்போது மிஷின தரையில வச்சு காலால மிதிச்சுக்கிறது அந்த எடந்தான், அதுக்கும் உதவுது, ஆனா அங்க அந்த அகலம் இருக்கிறதுக்கு முக்கிய காரணம், செயின் அறுந்தாலோ கழண்டாலோ அடியில பின்பக்கமா வீசி அடிக்கும், அது வெரல்ல படாம தடுக்கத்தான். கிளட்ச் பக்கம் அடியில அறுந்த செயின புடிக்கிறதுக்குன்னு சின்னதா ஒரு கேட்சர் கொக்கியும் இருக்கும். மாமா இதையெல்லாம் கையால தடவிப் பாத்துட்டு, "அப்ப இதுல கிளவுஸ் மாட்டி இழுக்க வாய்ப்பு எங்க இருக்குன்னா, நீ கைய கைப்பிடியில இருந்து எடுத்தா மட்டுந்தான்"ன்னாரு. எனக்கு இந்த ஒன்றரை மாசத்துல கெடச்ச நல்ல வாக்கியம் அதுதான்.

அந்தக் கைய எடுக்கிற தப்ப நானும் பண்ணியிருக்கேன். ஆட்டிக்கிட்டே இருந்த ஒரு மெல்லிசு கொப்ப இடது கையால புடிச்சுக்கிட்டு வலது கையில மட்டும் மிஷின வச்சு அறுத்தேன். வெறுங்கையா இருந்திருந்தா கண்டிப்பா அந்தக் கொப்பத் தொட்டிருக்க மாட்டேன், முள்ளு பயம். தோல் கிளவுஸ் போட்டிருந்த தைரியத்துல தொட்டேன். அண்ணன் தூரத்துல இருந்து கத்துன கத்து இன்னும் காதுல நிக்குது. மிஷின வாங்கி கீழ வச்சுட்டு அன்னைக்கு முழுக்க என்னைய ஓட்ட விடல, கொப்பு மட்டும் சுமக்க வச்சாரு. எனக்கு அதுல கோவமே இல்ல. கிளவுஸால வர்ற உண்மையான ஆபத்து இதுதான்னு நெனைக்கிறேன், கை போகக்கூடாத எடத்துக்குப் போற தைரியத்த அது குடுக்குது.

சரி, செயின் பட்டா தாங்குற கிளவுஸே விக்கிறாங்களே, அத வாங்குனா என்னன்னு தேடுனேன். இருக்கு. மேல செயின் சா படம் போட்ட முத்திரை இருக்கும், ஐஎஸ்ஓ 11393ன்னு நம்பர் இருக்கும், பழசுல இஎன் 381ன்னு இருக்கும். உள்ள நீள நீளமான நார் அடுக்கு வச்சு தச்சிருப்பாங்க, செயின் பட்ட ஒடனே அந்த நார் உருவிக்கிட்டு வந்து செயின ஓட்டுற பல்சக்கரத்துல, ஸ்ப்ராக்கெட்னு சொல்றது, அதுல சுத்தி செயின நிறுத்தும், வெட்டுப்படாம தடுக்கிறது இல்ல, அடைச்சு நிறுத்துறது. இந்த அடுக்கு பெரும்பாலும் இடது கை பொறங்கையில மட்டுந்தான் இருக்கும், ஏன்னா செயினுக்குக் கிட்ட இருக்கிறது அந்தக் கைதான், முன்னாடி வழுக்குனா மொதல்ல படுறது அதோட பொறங்கைதான். உள்ளங்கையில வச்சா கைப்பிடிய புடிக்க முடியாது.

இதுல கிளாஸ் 0, 1, 2, 3ன்னு இருக்கு. 0ன்னா செயின் வேகம் செகண்டுக்கு 16 மீட்டர்ல சோதிச்சது, 1ன்னா 20, 2ன்னா 24, 3ன்னா 28. என் மிஷின் எவ்வளவு ஓடுதுன்னு கணக்குப் போட்டேன், நீங்களும் போட்டுப் பாக்கலாம், கஷ்டமில்ல. என்னோடது 0.325 இஞ்ச் பிட்ச் செயின் (அடுத்தடுத்த மூணு ரிவிட்டுக்கு உள்ள தூரத்துல பாதிதான் பிட்ச்), அப்ப ஸ்ப்ராக்கெட் ஒரு பல்லு நகந்தா செயின் ரெண்டு பிட்ச், அதாவது 16.5 மிமீ நகரும், ஸ்ப்ராக்கெட்ல 7 பல்லு, ஒரு சுத்துக்கு ஏறக்கொறைய 115 மிமீ. வெட்டும்போது 9000 ஆர்பிஎம்னு வச்சா செகண்டுக்கு 150 சுத்து, 17 மீட்டர் சொச்சம் வருது, மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல. லோடு இல்லாம முழு ரேஸ் குடுத்தா இன்னும் கூடும். அப்ப கிளாஸ் 0 கிளவுஸ் என் மிஷின் முழு வேகத்துல இருக்கும்போது செயின நிறுத்தும்னு நம்பிக்க முடியாது, காயத்தோட ஆழத்த கொறைக்கலாம், அவ்ளோதான். இந்தக் கணக்க போட்டதுக்கப்பறம் அந்தக் காச நான் காலுக்குத் திருப்பிட்டேன், தொடை முன்பக்கம் மறைக்கிற செயின் சா சாப்ஸ் ஒண்ணு வாங்குனேன். அமெரிக்காவுல மரம் வெட்டுற தொழிலுக்கு ஓஷாங்கிற தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு வச்சிருக்கிற 1910.266 விதியிலயும் செயின் சா ஓட்டுறவங்களுக்குக் கட்டாயம்னு சொல்றது கால் கவசத்த, கை கவசம் அதுல கம்பி வடம் புடிக்கிறவங்களுக்குத்தான் சொல்லியிருக்கு. வெட்டி முடிச்சு மிஷின் கீழ எறங்குற எடம் தொடையும் முழங்காலுந்தான், யோசிச்சா நியாயமாத்தான் இருக்கு. கையில காசு ஒரு பொருளுக்குத்தான் இருக்குன்னா கிளவுஸுக்கு முன்னாடி காலு, கண்ணு, காது.

கடைசியா எனக்கு நின்னது மெல்லிசு ஆட்டுத்தோல் கிளவுஸ். மணிக்கட்டோட முடியிறது, உள்ள துணி லைனிங் கெடையாது, வெரல் நுனி சரியா நம்ம வெரல் நுனியிலயே முடியணும். கடைக்காரர்கிட்ட நாலு ஜோடி எடுத்துப்போட்டுப் பாத்தேன், சோதனை எளிசுதான், போட்டுக்கிட்டு கைய இறுக்கி மூடுனா உள்ளங்கையில தோல் மடிப்பு விழக்கூடாது, ஒரு ரூபா காச தரையில இருந்து எடுக்க வரணும். மணிக்கட்டுப் பக்கம் பட்டி இருக்கிறது நல்லது, ஆனா பட்டியோட வால் தொங்கக்கூடாது, ஸ்டார்ட்டர் கயிறு இழுக்கும்போது மாட்டும். முள்ளு இதுல ஏறவே ஏறாதுன்னு சொல்லமாட்டேன், நேரா குத்துனா ஏறும், ஆனா ஒரசல், கிழிசல் எல்லாம் நின்னுருச்சு. முள்ளு சுமக்கணும்னா கழட்டிட்டு வெல்டிங் கிளவுஸ் மாத்திக்குவேன், அது கவைக்கம்போடவே வரப்புல தொங்கும்.

வேர்வை பெரிய தொல்லை. மாசி கடைசியிலயே எங்க ஊரு வெயில் மண்டைய பொளக்கும், ஒரு மணி நேரத்துல கிளவுஸ் உள்ள தண்ணியா நிக்கும், ஈரத்தோல் கைப்பிடியில வழுக்கும். ரெண்டு ஜோடி வச்சு டேங்க் தீர்ற நேரத்துக்கு மாத்திக்கிறேன், ஒரு டேங்குக்கு ஒரு ஜோடி. பெட்ரோல் ஊத்தும்போது கண்டிப்பா கழட்டிருவேன், ரப்பர் கிளவுஸ் போட்டுக்குவேன், லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோல் தோல்லயோ துணியிலயோ ஊறி அதோட சைலன்சர் பக்கம் கை போனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

ஒரு எடத்துல மட்டும் கிளவுஸ் இல்லாம வேலையே செய்யக்கூடாதுன்னு இப்ப அடிச்சுச் சொல்லுவேன். அது அரம் போடும்போது. தரையோட ஒட்டி அறுத்தா மண்ணுல செயின் பட்டு ரெண்டே நிமிசத்துல மொன்னையாயிரும், கருவை கட்டையும் கெட்டி, அதனால நாளைக்கு ரெண்டு மூணு தடவ அரம் போட வேண்டியிருந்துச்சு. (அப்பறம் முழங்கால் உசரம் விட்டு அறுக்க ஆரம்பிச்சேன், ஜேசிபி வந்து தூர் எடுக்கும்போது பக்கெட்ல தள்றதுக்கும் அந்தக் கட்டை வேணும்.) என் செயினுக்கு 4.8 மிமீ உருண்டை அரம், பல்லுக்கு உள்ளருந்து வெளிப்பக்கமா 30 டிகிரி சாய்வுல தள்ளணும். வேகமா தள்ளும்போது அரம் பல்ல விட்டு வழுக்கும், அந்த வேகத்துல முட்டி நேரா போயி அடுத்த பல்லுல விழும். நிக்கிற செயின்தானேன்னு வெறுங்கையில பண்ணேன், நடுவிரல் முட்டி எலும்பு வெள்ளையா தெரியிற அளவுக்கு கிழிஞ்சுச்சு, மூணு தையல். ஒன்றரை மாசத்துல செயின்னால எனக்கு வந்த ஒரே வெட்டு அதுதான், மிஷின் அணைச்சிருக்கும்போது வந்தது. செயின கழட்டி மாட்டும்போதும், டைட் பாக்க கையால இழுத்துப் பாக்கும்போதும் அதே கதைதான், ஒவ்வொரு பல்லும் சவரக்கத்தி. இப்ப அரத்துக்கு மரக் கைப்பிடி போட்டிருக்கேன், அந்த ஆட்டுத்தோல் கிளவுஸும் போட்டுக்கிறேன். அரம் போட வந்த மாமாவும் கேக்காமலே போட்டுக்கிட்டாரு.

அதிர்வு பத்தியும் சொல்லணும். மூணாவது வாரம் சாயங்காலமானா ரெண்டு கை வெரலும் மரமரன்னு ஆகி சட்டை பட்டன் போட முடியல. இது சாதாரண களைப்பு இல்ல, பல வருசம் செயின் சா புடிச்ச காட்டு வேலைக்காரங்களுக்கு வெரல்ல ரத்த ஓட்டம் கெட்டு வெளுத்துப்போற நோயே இருக்கு, பின்லாந்துலயும் ஜப்பான்லயும் அத வருசக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க. ஐரோப்பாவுல 2002ல போட்ட விதிப்படி எட்டு மணி நேர வேலைக்குக் கைக்கு வர்ற அதிர்வு 2.5ஐத் தாண்டுனா நடவடிக்கை எடுக்கணும், 5ஐத் தாண்டவே கூடாது, அளவு மீட்டர் பர் செகண்டு ஸ்கொயர்ல. 10 அளவுக்கு அதிருற மிஷின்னா அரை மணி நேரத்துலயே 2.5 வந்துரும், ரெண்டு மணி நேரத்துல 5. ஜெல் வச்ச கிளவுஸ் வாங்கலாம்னு யோசிச்சேன், அண்ணன் வேணாம்னாரு, தடிமனா இருந்தா இன்னும் இறுக்கிப் புடிப்ப, இறுக்கிப் புடிக்கப் புடிக்க அதிர்வு உள்ள ஏறும்னாரு. மிஷின குப்புறப் போட்டுப் பாத்தா முன் கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் புஷ் ஒண்ணு கிழிஞ்சு இரும்போட இரும்பு ஒரசிக்கிட்டு இருக்கு. ரெண்டு ஆலன் போல்ட் கழட்டி புதுசு மாட்டுனேன், அரை மணி நேர வேல, அன்னைக்கே பாதி மரமரப்பு போச்சு. கூடவே செயின கூரா வச்சுக்கிட்டதும் கைகுடுத்துச்சு, மொன்னைச் செயின அழுத்தி அழுத்தி அறுக்கும்போதுதான் அதிர்வு எகிறுது. கால் மணிக்கு ஒரு தடவ மிஷின அணைச்சு கைய ஒதறி விடுறேன். எந்த கிளவுஸும் இந்த மூணையும் செஞ்சிருக்காது.

இப்ப என் பழக்கம் என்னன்னா, மொதல்ல அருவாளால வெளி முள்ளுக் கொப்பக் கழிச்சு கவைக்கம்பால தள்ளி, நிக்க எடமும் பின்வாங்க வழியும் பண்ணிக்கிறேன், அப்ப வெல்டிங் கிளவுஸ். பெறகு அத கழட்டி ஆட்டுத்தோல் போட்டு, மிஷின தரையில வச்சு கால் மிதிச்சு ஸ்டார்ட் பண்ணி, பிரேக் ஒரு தடவ தட்டிப் பாத்து, கட்டைவிரல் சுத்தியிருக்கான்னு கண்ணால ஒரு தடவ பாத்துட்டுத்தான் ரேஸு. ரேஸ் லீவரோட மேல இருக்கிற லாக்க உள்ளங்கை அழுத்துறது தெரியணும், தெரியலன்னா அந்த ஜோடி ஊறிருச்சுன்னு அர்த்தம், மாத்திருவேன். கொப்பு ஆடுனா கையால புடிக்கிறதில்ல, தம்பி ஒருத்தன் கயிறு போட்டு தள்ளி நின்னு இழுத்துப் புடிப்பான், இல்லாட்டி அருவா.

முக்கால் ஏக்கர் முடிஞ்சுருச்சு, வெறகுக்காரர் ரெண்டு லோடு ஏத்திட்டுப் போயிட்டாரு, தூர் எடுக்க பங்குனி பொறந்ததும் ஜேசிபி வருது. தோல் கிளவுஸ்ல ஒரே பிரச்சனை பாக்கி, வேர்வையில ஊறுனத வெயில்ல காய வச்சா மறுநாள் அப்பளம் மாதிரி வெறைச்சுப் போயிருது. நெழல்ல காய வச்சு, முழுசா காயுறதுக்கு முன்னாடி வெரல் வெரலா நீவி விட்டு, வாரத்துக்கு ஒரு தடவ கொஞ்சூண்டு தேங்காண்ணெ வெளிப்பக்கம் மட்டும் தேச்சுப் பாக்குறேன், உள்ளங்கைப் பக்கம் தேச்சா வழுக்குது. ரெண்டு ஜோடியில ஒண்ணு இப்படி வச்சதுல மூணு வாரமா மெத்துனு இருக்கு, இன்னொண்ணு தேய்க்காம விட்டது கட்டைவிரல் தையல்கிட்ட வெடிக்க ஆரம்பிச்சிருக்கு.